திரைக்கதை நாடிய சிறுகதை மன்னர்

கலைக்கல்லூரியில் தமிழ் பயிலும் மாணவர் சிலர், பட்டம் பெற்றபின் திரைக்கதை எழுத்தை முதுநிலையில் பயில விழைவதை இன்று காண்கிறோம். அவ்விருப்பத்தைப் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் ஐயத்தோடு நோக்குவதும் இயல்பே. திரையுலகம் நிலையற்றது, இலக்கியக் கல்விக்கும் அதற்கும் உறவில்லை என்பன அவர்தம் கருத்துகள். இவை முற்றிலும் பொய்யல்ல, முழுமையான உண்மையுமல்ல. இதனைத் தெளிந்துகொள்ள, திரைக்கதை ஒரு கல்வியாக நம் நாட்டில் மலராத காலத்தில் அத்துறையுள் புகுந்த ஒரு பேரெழுத்தாளரின் வாழ்வை எண்ணிப் பார்த்தல் நலம். அவரே சிறுகதை மன்னர் எனப் போற்றப்பெறும் புதுமைப்பித்தன்.

பொருநைக்கரை இளமை

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த்துறை அலுவலர், அன்னையார் பர்வதத்தம்மாள். இளமையிலேயே தாயை இழந்த விருத்தாசலம், சிற்றன்னையின் பொறுப்பில் வளர்ந்தார். தந்தையின் பணியிட மாற்றங்களால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆகிய ஊர்களில் தொடக்கக் கல்வி பெற்றார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1932இல் கமலா அம்மையாரை மணந்தார்.

பட்டம் பெற்ற மகன் அரசு அலுவலில் அமர வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகனுடைய நெஞ்சமோ எழுத்தை நாடியது. நம் வீடுகளில் இன்றும் நிகழும் இப்போராட்டம், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நெல்லையில் அவ்வீட்டிலும் நிகழ்ந்தது.

தென்காசி தந்த ஆசிரியர்

எழுத்துலகில் அவருக்கு வழிதிறந்தவர் தென்காசியைச் சேர்ந்த டி.எஸ். சொக்கலிங்கம் ஆவார். விடுதலைப் போராட்ட வீரரும் இதழாசிரியருமான சொக்கலிங்கம் நடத்திய ‘காந்தி’ இதழில்தான் 1933இல் புதுமைப்பித்தனின் முதல் எழுத்து வெளிவந்தது. பின்னர் ‘மணிக்கொடி’ அவருடைய கதைகளை வெளியிட்டுப் புகழ்பெற்றது. ‘ஊழியன்’ இதழில் சிலகாலம் பணியாற்றியபின், சொக்கலிங்கம் ஆசிரியராக விளங்கிய ‘தினமணி’யில் அவர் சேர்ந்தார். 1943இல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் சொக்கலிங்கம் விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். அவர் தொடங்கிய ‘தினசரி’யில் இணைந்தார். ஆசிரியரின்மீது கொண்ட பற்றுக்காக மாதச் சம்பளத்தைத் துறந்த செயல் அது.

பதினைந்து ஆண்டுகளுக்கும் குறைந்த எழுத்துவாழ்வில் ஏறத்தாழ நூறு சிறுகதைகளை அவர் படைத்தார். அயல்நாட்டுக் கதைகள் பலவற்றை மொழிபெயர்த்தார். ‘மனித யந்திரம்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து ஆண்டுகள் கடைக்கணக்கு எழுதிய ஒரு முதியவர், ஒருநாள் இரவு கடைப்பணத்தோடு ஊரைவிட்டு ஓடத் துணிந்து, இரயில்வரை சென்று, மனம் மாறித் திரும்பிப் பணத்தை வைத்துவிடுகிறார். ஓர் ஆள், ஓர் இரவு, ஒரு பெட்டிப் பணம், ஒரு பயணம், ஒரு திரும்புதல். உள்ளத்துப் போராட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் செயல்களாக உருமாறியிருக்கிறது. எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டுவதே திரைக்கதையின் முதற்பாடம். அப்பாடத்தை யாரும் கற்பிக்காமலே அறிந்திருந்தவர் அவர்.

கற்பிப்பார் இல்லாத கலை

எனினும் சிறுகதை வேறு, திரைக்கதை வேறு. சிறுகதையாசிரியன் தனித்திருந்து எழுதுகிறான். அவன் எழுதிய சொல்லே முடிந்த படைப்பு. திரைக்கதையாளன் எழுதுவதோ கட்டடத்தின் வரைபடம் போன்றது. இயக்குநர், நடிகர், ஒளிப்பதிவாளர், முதலீடு செய்வோர் எனப் பலர் கை பட்ட பின்னரே அது படைப்பாகிறது.

இக்கலையை முறையாகக் கற்பிக்கும் இடங்கள் அந்நாளில் அயல்நாடுகளில் இருந்தன. மாஸ்கோவில் 1919இலேயே திரைப்படக் கல்லூரி தோன்றிவிட்டது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற எல்லிஸ் ஆர். டங்கன், 1936இல் ‘சதி லீலாவதி’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார். தமிழ் அறியாத அவர் திரைக்கலை அறிந்திருந்தார். தமிழ் அறிந்த நம் எழுத்தாளர்க்கோ திரைக்கலை பயில ஒரு கூடம் இல்லை. மணிக்கொடி எழுத்தாளர்களான இளங்கோவனும் பி.எஸ். ராமையாவும் படநிலையங்களில் புகுந்து பணியாற்றியே தொழிலைக் கற்றனர்.

புதுமைப்பித்தனும் அவ்வழியே சென்றார். 1940களின் நடுவில் இதழ்ப்பணியைவிட்டு எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத்துக்கு எழுதத் தொடங்கினார். ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் பங்குகொண்டார். ஜெமினியில் ‘கதை இலாகா’ என்றே ஒரு பிரிவு இருந்தது. பலர் கூடியிருந்து விவாதித்துக் கதையை உருவாக்குவது அங்கே வழக்கம். தனித்திருந்து எழுதிப் பழகிய படைப்பாளர்க்கு இம்முறை எளிதாக இருந்திருக்க இயலாது. ‘அவ்வையார்’ 1953இல்தான் திரைக்கு வந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

குற்றாலத்து வசந்தவல்லி

ஜெமினியினின்று விலகிய அவர், தாமே படம் எடுக்கத் துணிந்தார். அன்னையின் பெயரை நினைவூட்டும் ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். எடுக்க விழைந்த படத்தின் பெயர் ‘வசந்தவல்லி’.

இப்பெயரைக் கேட்டவுடன் தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மக்களின் உள்ளம் மலரும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி. அந்நூலுக்காக நாயக்க மன்னர் வழங்கிய நிலம் ‘குறவஞ்சி மேடு’ என வழங்கியதாக வரலாறு கூறும்.

அந்நூலின் அமைப்பை நோக்கினால், திரைக்கு ஏற்ற பொருள் அதனுள் அமைந்திருப்பது புலனாகும். கட்டியக்காரன் வந்து உலாவை அறிவிக்கிறான். குற்றாலநாதர் வீதியில் எழுந்தருளுகிறார். பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி அவரைக் கண்டு மையல் கொள்கிறாள். அவள் துயரம் முற்றிய வேளையில் குறத்தி வந்து மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுகிறாள். பரிசில் பெற்றுச் சென்ற அவளைத் தேடிச் சிங்கன் அலைகிறான். கண்டபின் அவள் அணிந்துள்ள நகைகளைக் குறித்து ஐயுற்று வினவுகிறான். உலா, ஆட்டம், காதல், மலைக்காட்சி, நகைச்சுவை, ஊடல் என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் மாறுகின்றன. அருவியும் சாரலும் குரங்குகளும் வேடரும் வெறும் வருணனையாக நில்லாமல் கதையின் களமாகின்றன. நம் கல்லூரி மாணவர் பாடநூலில் மனப்பாடப் பகுதியாக மட்டும் கண்ட நூலுக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

‘வசந்தவல்லி’ படமாக நிறைவேறவில்லை. படம் எடுத்தற்குப் புலமை மட்டும் போதாது. முதலும் வேண்டும், கணக்கும் வேண்டும். இவ்விரண்டும் அவரிடம் இல்லை. குற்றாலத்துத் தலைவி தமிழ்ச் சிறுகதை மன்னரின் கையால் திரையேறும் வாய்ப்பு அத்துடன் அகன்றது.

புனே நகரில்

இதன்பின் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. 1947இல் சிறையினின்று விடுதலையான பாகவதர் அதன்பின் நடித்த படம் அது. அப்பணிக்காகப் புதுமைப்பித்தன் மனைவியையும் பச்சிளம் மகளையும் பிரிந்து புனே நகரில் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. குடும்பத்தைப் பிரிந்த காலங்களில் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்துள்ளன. பணமுடையும் பாசமும் ஒருங்கே புலப்படும் அக்கடிதங்களைப் படிப்போர் கண்கலங்காதிருத்தல் அரிது.

நோய் முற்றிய நிலையில் 1948 மே மாதம் திருவனந்தபுரம் சேர்ந்த அவர், ஜூன் 30ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. ‘ராஜமுக்தி’யும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அவரை நோய் பற்றிய அதே புனே நகரில், பிரபாத் படநிலையம் இருந்த இடத்தில், 1960இல் இந்திய அரசு திரைப்படக் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அங்கே இயக்கமும் திரைக்கதை எழுத்தும் இணைந்த முதுநிலைப் படிப்பில் சேர நுழைவுத்தேர்வு எழுதலாம். திரைக்கதைக்கெனத் தனிப் படிப்பும் அங்கு உண்டு. கல்கத்தாவில் 1995இல் தோன்றிய சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்திலும் இத்தகைய முதுநிலைக் கல்வி அளிக்கப்படுகிறது. புதுமைப்பித்தன் தம் உடலை வருத்திக் கற்க முயன்றதை, இன்றைய மாணவர் ஆசிரியர்முன் அமர்ந்து கற்கலாம்.

உதிராத பூ

புதுமைப்பித்தன் திரையுலகில் தோற்றவர் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழித்து, 1979இல் மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ வெளிவந்தது. தமிழின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்பெறும் அதன் வித்து, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவல். தாயற்ற குழந்தைகளின் துயரத்தை அதினின்று எடுத்துக்கொண்ட மகேந்திரன், தந்தையின் இயல்பையும் கதை நிகழும் களத்தையும் முடிவையும் மாற்றி அமைத்தார். மூலநூலையும் படத்தையும் அருகருகே வைத்துப் பயிலும் மாணவர், எது இலக்கியத்துக்கு உரியது, எது திரைக்கு உரியது என்பதைத் தாமே உணர்வர்.

2002இல் தமிழக அரசு புதுமைப்பித்தனின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. இன்று அவற்றை யாரும் தடையின்றி எடுத்தாளலாம். ஒப்பந்தமும் உரிய ஊதியமும் இன்றி வருந்திய எழுத்தாளரின் சொத்து, இன்று அனைவர்க்கும் பொதுச்சொத்து.

அவ்வாழ்வு இரு தரப்பார்க்கும் அறிவுரை பகர்கின்றது. மாணவர்களே, திரைக்கதைக் கல்லூரி கட்டமைப்பைக் கற்பிக்கும், கதையைத் தராது. கதை உங்கள் தமிழ்ப் பாடத்திலும், உங்கள் தெருவிலும், தென்காசிச் சந்தையிலும், குற்றாலச் சாரலிலும் இருக்கிறது. குறவஞ்சியையும் சிறுகதையையும் கசடறக் கற்றபின் அக்கல்லூரிகளின் வாயிலை அணுகுங்கள். தொழிலின் கணக்கையும், ஒப்பந்தத்தின் நெறியையும், உடல்நலம் பேணுதலையும் எழுத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, புதுமைப்பித்தனை வீழ்த்தியவை வறுமையும் நோயும் துணையின்மையுமேயன்றிக் கலையன்று. திறமும் நாட்டமும் உடைய பிள்ளைக்கு முறையான கல்வியும் குடும்பத்தின் ஆதரவும் கிடைக்குமாயின், அவருக்கு நேர்ந்த இன்னல் அப்பிள்ளைக்கு நேர வேண்டியதில்லை.

வசந்தவல்லி இன்னும் குற்றால வீதியில் பந்தாடிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளைத் திரைக்கு அழைத்துவரும் எழுத்தாளர் இம்மண்ணிலிருந்து தோன்றுவாராக!