சுங்கம் தவிர்த்த சோழன்

முதற் குலோத்துங்கன், கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும் முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவிக்கும் மகனாகப் பிறந்தான்; 1070ஆம் ஆண்டு உட்பூசல்களுக்கிடையே சோழ அரியணை ஏறினான்.

அக்காலத்தில் வணிகப் பொருள்கள்மீது சுங்கம் தண்டப்பட்டது. கருவூலம் நிரப்பும் வருவாயை ஓர் அரசன் தானே துறத்தல் அரிது. குலோத்துங்கனோ சுங்கத்தை நீக்கி, ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றான்.

1077ஆம் ஆண்டு 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனம் சென்றது. கண்ணாடிப் பொருள்கள், கற்பூரம், யானைத் தந்தம், கிராம்பு முதலியவற்றைக் கையுறையாக அளித்தது. கைம்மாறாகச் சீன அரசு 81,800 கோவைச் செப்புக்காசுகளை வழங்கியது. கையுறை என்னும் பெயரில் அங்கு நிகழ்ந்தது வணிகமே.

பாட்டன் கடற்படை செலுத்தி வென்ற கடாரத்தோடு பேரன் நட்புப் பூண்டான். 1090இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் வேண்டியவாறு, நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். இதனை ஆனைமங்கலச் சிறிய செப்பேடுகள் உரைக்கின்றன. 1088இல் சுமத்திராத் தீவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர்.

வாள் திறந்த கடல்வழியைத் தூதும் வரிவிலக்குமே அடையாது காத்தன.