பிஸ்டன் ரிங்கை மெட்ராஸிலேயே செய்ய வைத்த கணக்காளர்... யார் இந்த அனந்தராமகிருஷ்ணன்?

ஏனாத்தூரில் மெக்கானிக்கல் படிக்கும் மாணவரிடம் பிஸ்டன் ரிங் எதற்கு என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவார். அதை மெட்ராஸிலேயே செய்ய வைத்தது யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்.

அவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். 1905-ல் நெல்லைச் சீமை ஆழ்வார்குறிச்சியில் பிறந்தவர். இன்ஜினியர் இல்லை, கணக்குத் துறைக்காரர். 1930-களில் மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனிக்குள் வந்தார். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய வெள்ளைக்காரர்களின் நிறுவனம் அது. 1938-ல் அமால்கமேஷன்ஸ் குழுமம் உருவானது. 1940-களில் சிம்ப்சனின் தலைமையே அவர் கைக்கு வந்தது.

ரிங்கில் அப்படி என்ன இருக்கு?

பிஸ்டனைச் சுற்றி மாட்டும் இரும்பு வளையம்தான். ஆனால் அது தேய்ந்தால் கதை முடிந்தது. அழுத்தம் கசியும், ஆயில் எரியும், வண்டி புகை கக்கும். அதனால்தான் மேல் ரிங்கின் முகத்தில் கடினமான குரோமியம் பூசுகிறார்கள். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சிலவற்றில் மாலிப்டினம் தெளிப்பார்கள்; அது உருக 2,600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒரு சூட்சுமம்: குரோம் பூசிய சிலிண்டருக்குள் குரோம் ரிங்கைப் போடக்கூடாது. ஒன்றையொன்று பிராண்டிவிடும். சிலிண்டரே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலமுள்ள பெரிய கப்பல் இன்ஜின்களில் பூச்சுக்கான வேலை இன்னும் கடுமை. அங்கே பீங்கான் துகள் கலந்த பூச்சுகளும் உண்டு.

பளபளவென்று காரைக் காட்டினால் பேப்பரில் படம் வரும். ரிங்குக்கு யார் கைதட்டுவார்கள்? ஆனாலும் சுதந்திரம் வந்த இரண்டே ஆண்டில், 1949-ல், மெட்ராஸ் செம்பியத்தில் அவரது குழுமம் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கியது. உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த காலத்தில் இது சின்ன முடிவு இல்லை. 1950-களில் சிம்ப்சனில் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் வந்தது. அடுத்து டாஃபே டிராக்டர்.

1964-ல் காலமானபோது அவருக்கு 60 வயதுகூட ஆகவில்லை. பிறகு மகன் சிவசைலம் குழுமத்தை நடத்தினார். 1991-ல் ரிங்குக்கென்றே ஐபி ரிங்ஸ் பிறந்தது. தொழில்நுட்பம் ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங். தொழிற்சாலை இருப்பது, 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மறைமலை நகரில்.