ஜான் ஹன்டர்

ஜான் ஹன்டர் (பெப்ரவரி 13, 1728 – அக்டோபர் 16, 1793) இசுக்கொட்லாந்தில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவரும் உடற்கூற்றியல் அறிஞரும் ஆவார். அறுவை மருத்துவத்தைச் சோதனைகளின் அடிப்படையில் அமைந்த அறிவியலாக வளர்த்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். விலங்குகளின் குளிர்கால உறக்கம் பற்றியும், பருவத்துக்கேற்ப அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கி வளர்வது பற்றியும் இவர் செய்த ஆய்வுகள், ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்கள் பற்றிய கருத்து தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாக முற்பட்டவை.

இளமையும் கல்வியும்

ஹன்டர் கிளாஸ்கோ நகருக்குத் தெற்கே உள்ள லாங் கால்டர்வுட் என்னும் இடத்தில், பத்துப் பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. 1748 ஆம் ஆண்டு இலண்டன் சென்று, அங்கு உடற்கூற்றியல் கற்பித்துவந்த அண்ணன் வில்லியம் ஹன்டருக்கு உதவியாளரானார். பின்னர் வில்லியம் செசல்டன், பெர்சிவல் பாட் ஆகியோரிடம் அறுவை மருத்துவம் பயின்றார்.

1760 முதல் 1763 வரை படை மருத்துவராகப் பிரான்சின் பெல் ஈல் தீவிலும் போர்த்துகலிலும் பணியாற்றினார். 1767 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1768 இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1771 இல் கவிஞர் ஆன் ஹோமை மணந்தார். 1776 இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார்.

குளிர்கால உறக்கம் பற்றிய ஆய்வுகள்

1761-62 குளிர்காலத்தில் பெல் ஈல் தீவில் இருந்தபோது, உறக்கத்துக்குச் செல்லும் நிலையிலிருந்த பல்லிகளின் தொண்டை வழியே புழுக்களையும் இறைச்சித் துண்டுகளையும் செலுத்தினார். பின்னர் வெவ்வேறு நாட்களில் அவற்றை அறுத்துப் பார்த்தபோது, உணவு செரிக்காமல் அப்படியே இருந்தது. குளிரில் உடல் தளரும்போது செரிமானமும் நின்றுவிடுகிறது என்பதை இது காட்டியது.

1766 இல் கெண்டை மீன்களை உறையவைத்து மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றார். அது வெற்றியடைந்தால் மனிதரின் வாழ்நாளையும் நீட்டிக்கலாம் என்று நம்பினார். ஆனால் மீன்கள் இறந்துவிட்டன. விலங்குகள் வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றல் பற்றி இவர் எழுதிய கட்டுரைகளை அரச கழகம் 1775 இலும் 1778 இலும் வெளியிட்டது. குளிர்காலத்தில் உறங்கும் டார்மவுஸ் என்னும் சிறு கொறித்துண்ணியும் இச்சோதனைகளில் இடம்பெற்றது.

பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர், 1770 முதல் 1772 வரை ஹன்டரின் வீட்டில் தங்கிப் பயின்ற மாணவர். அவர் தம் ஊரான பெர்க்லிக்குத் திரும்பிய பின்னும், முள்ளெலிகளின் உடல் வெப்பத்தைக் குளிர்காலத்தில் அளந்து தெரிவிக்குமாறு ஹன்டர் கடிதம் மூலம் கேட்டுக்கொண்டார். ஊகித்துக்கொண்டிராமல் செய்து பார்க்குமாறு மாணவரைத் தூண்டுவது அவரது வழக்கம்.

பருவமும் இனப்பெருக்க உறுப்புகளும்

ஒரே இனத்தின் உடலை இரு வேறு பருவங்களில் அறுத்து ஒப்பிடுவது ஹன்டரின் முறை. சிட்டுக்குருவியின் விந்தகம் நடுக்குளிர்காலத்தில் மிகச் சிறியதாக இருந்து, இளவேனிலில் பன்மடங்கு பெருக்கிறது என்பதை வரிசையான மாதிரிகளைக் கொண்டு காட்டினார். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் இணைசேரும் பாலூட்டிகளிலும் இவ்வாறே நிகழ்கிறது என 1786 இல் வெளியான நூலில் குறிப்பிட்டார். அகழெலியின் புராஸ்டேட் சுரப்பி குளிர்காலத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவு சுருங்கி, இளவேனிலில் பெருத்து நீர்மம் நிறைந்து காணப்படுவதையும், காயடிக்கப்பட்ட விலங்குகளில் அச்சுரப்பி சிறுத்தே இருப்பதையும் அவர் பதிவு செய்தார்.

முட்டையிடும் பருவம் கடந்த பெட்டைக் கோழியினப் பறவைகள் சில, சேவலின் இறகமைப்பைப் பெறுவது பற்றி 1780 இல் எழுதினார். சேவலின் விந்தகத்தை எடுத்துப் பெட்டைக் கோழியின் வயிற்றினுள் ஒட்டவைத்தும் பார்த்தார். ஒட்டிய உறுப்பு உயிர்வாழ்கிறதா என்பதே அச்சோதனையில் அவர் அறிய விரும்பியது. விந்தகத்திலிருந்து ஒரு பொருள் குருதியில் கலந்து உடலை மாற்றுகிறது என்ற முடிவுக்கு அவர் வரவில்லை.

அந்த முடிவை நோக்கிய சோதனையை 1849 இல் ஜெர்மனியின் அர்னால்டு பெர்த்தோல்டு சேவல்களில் செய்தார். ஹார்மோன் என்ற சொல் 1905 இல் வழக்கிற்கு வந்தது. பகற்பொழுதின் நீளத்துக்கேற்ப மூளையின் பினியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரக்கிறது என்பதும், அதன் வழியே பல பாலூட்டிகளின் இனப்பெருக்கப் பருவம் ஒழுங்குபடுகிறது என்பதும் பிற்காலத்தில் அறியப்பட்டன. முள்ளெலியின் விந்தகங்கள் இலையுதிர் காலத்தில் சுருங்கி, குளிர்கால உறக்கம் முடியுமுன்னரே மீண்டும் வளரத் தொடங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் மிகும்போது உறக்கம் தடைப்படுவதும் சில விலங்குகளில் காணப்பட்டுள்ளது. ஹன்டர் தனித்தனியே ஆராய்ந்த உறக்கமும் இனப்பெருக்கமும் இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புடையவை.

மறைவும் குறிப்பேடுகளின் அழிவும்

நெடுநாளாக நெஞ்சுவலியால் துன்புற்ற ஹன்டர், 1793 இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் நடந்த கூட்டமொன்றில் ஏற்பட்ட வாக்குவாதத்தின்போது மயங்கி விழுந்து இறந்தார். 13,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட அவரது தொகுப்பை அரசு 1799 இல் 15,000 பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை அதைக் காத்துவந்தவர் கடைசி உதவியாளரான வில்லியம் கிளிஃப்ட்.

ஹன்டரின் கையெழுத்துப் படிகள் அவ்வாறு தப்பவில்லை. மைத்துனர் எவரார்டு ஹோம் அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து எடுத்த பலவற்றைத் தம் பெயரில் வெளியிட்டார்; 1823 இல் எரித்தும் விட்டார். கிளிஃப்ட் முன்பே படியெடுத்து வைத்திருந்த பகுதிகள் மட்டும் எஞ்சின. 1941 இல் நிகழ்ந்த குண்டுவீச்சில் மாதிரிகளிலும் பெரும்பகுதி அழிந்தது.

விமர்சனம்

1783 இல் இறந்த அயர்லாந்தின் நெடிய மனிதர் சார்லசு பைர்ன் தம் உடலைக் கடலில் அடக்கம் செய்ய விரும்பியிருந்தும், ஹன்டர் அதைப் பெற்று எலும்புக்கூட்டைத் தொகுப்பில் சேர்த்தார். ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அது காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. மேகவெட்டையும் மேகப்புண்ணும் ஒரே நோய் என்று ஹன்டர் கொண்டிருந்த கருத்தும் பிற்காலத்தில் தவறென நிறுவப்பட்டது.