கலாயோகி ஆனந்த குமாரசுவாமி: படம் திரட்டிக் காத்த பெரியார்

கல்வி என்பது ஏட்டில் எழுதியவற்றைக் கற்பதோடு அமைவதன்று. கண்ணாற் கண்டு கற்பனவும் கல்வியேயாம். கோயிற் கோபுரமும், செப்புத் திருமேனியும், சுவரோவியமும், குயவன் வனைந்த மட்கலமும் ஒரு நாட்டின் வரலாற்றை நூல்களுக்கு நிகராக உணர்த்துவன. ஆயினும், நூலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதல் எளிது. கோபுரத்தை எடுத்துச் செல்லுதல் இயலாது. இக்குறையை ஓரளவு தீர்க்க வந்தது நிழற்படம். படங்களைத் திரட்டி, வகுத்து, விளக்கம் எழுதிக் காத்தலை ஓர் அறிவுத்துறையாகவே வளர்த்த பெரியோருள் நம் நாட்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் தலைசிறந்தவர். அன்னாரின் வாழ்க்கையை இந்நோக்கில் ஆராய்ந்து, நம் கல்லூரிப் பழைய மாணவரின் இவ்விழா மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஆனந்தர் 1877ஆம் ஆண்டு ஆவணித் திங்கள் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி மேனாட்டாருக்கு அறிமுகஞ் செய்த தமிழறிஞர். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் தமக்கையார் புதல்வர். ஆகவே அவ்விருவரும் ஆனந்தருக்கு மைத்துனர் முறையினர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். தாயார் பிள்ளையை இங்கிலாந்திலேயே வளர்த்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவியியலும் தாவரவியலும் கற்று 1900ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற ஆனந்தர், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராகக் கடமையாற்றினார். தோரியனைட் என்னும் புதிய கனிப்பொருளை 1904இற் கண்டறிந்த பெருமையும் அவருக்கு உரியது.

கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். ஊர் ஊராகச் சென்ற அவருடைய கண்களிற் சிற்பியரும், கன்னாரும், நெசவாளரும், ஓவியரும் பட்டனர். அந்நியப் பொருள்களின் மோகத்தால் அவர்தம் தொழில்கள் நலிந்து வருதலையுங் கண்டு மனம் வருந்தினார். உடன் சென்ற மனைவியார் எதெல் மேரி, பின்னாளில் நெசவுக் கலையிற் பெரும் புகழ் ஈட்டியவர். அவ்வம்மையார் கைவினைஞரையும் அவர் செய்த பொருள்களையும் நிழற்படமாக எடுத்தார். ஆனந்தர் அவற்றின் பெயர், செய்முறை, பயன் என்பவற்றைக் கேட்டறிந்து எழுதினார். இவ்வாறு சேர்ந்தவையே 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு அடிப்படையாயின. கைப்பொறியில் அச்சிடப்பெற்ற அந்நூலின் படிகள் 425 மாத்திரமே. புவியியலார் ஒரு கல்லை எடுத்தால், எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி இலக்கமிட்டே பேழையில் வைப்பர். அப்பயிற்சியே ஆனந்தருக்குப் படந் திரட்டும் பணியிலும் கைகொடுத்தது எனக் கருதுகின்றோம்.

பின்னர் அவர் பாரத நாட்டிற் பலகாலும் பயணஞ் செய்தார். இராசபுத்திர ஓவியங்களை எவரும் பெரிதாக மதியாத அக்காலத்தில் அவற்றைத் தேடிச் சேர்த்தார். அவை மொகலாய ஓவியத்தின் வேறானதொரு மரபைச் சார்ந்தவை என்பதை 1916இல் வெளியிட்ட இரு தொகுதிகளால் நிலைநாட்டினார். கொழும்பு நூதனசாலையிலுள்ள செப்புத் திருமேனிகளைப் பற்றி அவர் எழுதிய படநூல் 1914இல் வெளிவந்தது. பொலநறுவையில் மண்ணினின்றும் வெளிப்பட்ட நடராசர் திருவுருவமும் நாயன்மார் திருவுருவங்களும் உலகப் புகழ் எய்துதற்கு அந்நூல் பெரிதும் உதவிற்று. அதே ஆண்டில், விசுவகர்மா என்னும் பெயரால், இந்தியச் சிற்பங்களுள் நூறு தெரிந்தெடுத்துப் படத்தொகுதியாக அளித்தார். பார்ப்போர் தாமே ஒப்பிட்டு அறிய வேண்டுமென்பதே அத்தொகுதியின் கருத்து. தில்லைக் கூத்தின் தத்துவத்தை விளக்கி, சித்தாந்த தீபிகையில் 1912இல் அவர் எழுதிய கட்டுரை, மேனாட்டார் நடராச வடிவை நோக்கிய நோக்கையே மாற்றியது.

இவ்வளவுஞ் சேர்த்த பெரியாருக்கு அவற்றை வைக்க ஓர் இல்லம் வேண்டியிருந்தது. பாரத நாட்டில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமைய வேண்டுமென அவர் விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிடைத்திலது. முடிவில், டென்மன் ரோஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அச்சேர்க்கையை விலைக்குப் பெற்றுப் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலைக்கு நன்கொடையாக வழங்கினார். 1917இல் ஆனந்தரும் அந்நூதனசாலையின் இந்தியக் கலைப்பகுதிக்குக் காப்பாளராய் அமர்ந்தார். இறக்குங்காறும், முப்பதாண்டுகள், அப்பணியிலே நிலைத்தார்.

அங்கு அவர் ஆற்றிய தொண்டுகளுள், 1923 முதல் 1930 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட விளக்க அட்டவணையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருளின் பெயர், இலக்கம், அளவு, செய்பொருள், தோன்றிய இடம், காலம் ஆகியவற்றைக் கூறுவதோடு அவர் அமையவில்லை. ஓவியத்திற் காணும் காட்சி எக்கதையைச் சார்ந்தது, சிற்பத்தின் கையமைதி எக்குறிப்பை உணர்த்துவது என்பவற்றையும் வடநூற் பயிற்சி கொண்டு விளக்கினார். 1927இல் எழுதிய இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றில் நானூறு படங்களைக் கால முறையில் நிரல்படுத்தினார். பெயரும் ஊரும் அறியப்படாத படம் வெறுங் காட்சிப் பொருளாகும். விளக்கம் பெற்ற படமே சான்றாகும். இவ்வுண்மையை அவருடைய தொகுப்புக்கள் நமக்கு உணர்த்துகின்றன.

நிழற்படத்தைப் பிற கலைப்பொருளைக் காட்டும் கருவி என்ற அளவில் மட்டும் அவர் மதித்தாரல்லர்; அதுவும் ஒரு கலையே என்பதை உணர்ந்திருந்தார். அல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர் தாம் எடுத்த 27 நிழற்படங்களை 1924இற் பொஸ்டன் நூதனசாலைக்கு வழங்கியமைக்கு ஆனந்தரின் முயற்சியே காரணம். பெரிய நூதனசாலைகள் நிழற்படத்தைக் கலைப்பொருளாக ஏற்பதற்கு அது வழிகாட்டிற்று.

1947ஆம் ஆண்டு ஆவணியில் எழுபது வயது நிரம்பிய ஆனந்தர், பதவியினின்றும் ஓய்வுபெற்றுப் பாரத நாட்டிற்கு மீள எண்ணினார். எண்ணம் நிறைவேறுமுன் புரட்டாதித் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்காவிலே இறைவனடி சேர்ந்தார். அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் இன்று அந்நாட்டுப் பிறின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்திற் பேணப்படுகின்றன.

இவ்வரலாற்றில் நம் சிந்தனைக்கு உரியதொன்று உண்டு. நம்மவர் ஒருவர் திரட்டிய செல்வம் கடல் கடந்து சென்றது. அது சென்ற இடத்திற் செவ்வனே காக்கப்பட்டது என்பது மெய். இங்கிருந்திருப்பின் காக்கப்பட்டிருக்குமோ என்று வினவுவாருக்கு உடனே விடை கூறல் நமக்கு எளிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2009இல் முடிவுற்ற போரில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, உயிரைத் தவிர வேறொன்றையும் பலராற் கொண்டுசெல்ல இயலவில்லை. பெற்றோரின் மணக்கோலப் படமும், பள்ளிக்கூடக் குழுப்படமும் மண்ணோடு மண்ணாயின. மறைந்த தாயின் முகத்தைக் காட்ட ஒரு படந்தானும் இல்லாத வீடுகள் நம்மிடையே உள்ளன. ஆயினும், காப்பதற்கு இடமில்லை என்று திரட்டாதிருப்போமாயின், அழிப்பவர் செய்யும் வேலையை நாமே செய்து முடிப்போராவோம்.

ஒட்டுசுட்டானில் வாழும் நமக்குத் தான்தோன்றீசுவரப் பெருமானின் ஐதிகம் நன்கு தெரியும். உழவன் குரக்கன் ஒட்டைச் சுட்டபோது ஒரு பகுதி வேகாது நின்றது என்பர். வேகாவனம் என்ற பெயரும் அதனால் எய்தியது. போரில் அழியாது எஞ்சிய படங்களும் அத்தகையனவே. அவற்றைத் தேடுதல் நம் கடன். திருவிழாப் படங்கள், குளக்கட்டும் வயலும் காட்டும் படங்கள், பழைய வகுப்புக் குழுப்படங்கள் ஆகியன வெளிநாடு சென்ற பழைய மாணவர் இல்லங்களில் இருத்தல் கூடும்.

சேர்க்கும் முறையும் கடினமன்று. வரும் படம் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, எடுத்த இடம், ஆண்டு, இடமிருந்து வலமாக நிற்போர் பெயர், தந்தவர் பெயர் என்பவற்றைப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் இலக்கத்தை மட்டுங் குறித்தல் நலம்; பேனா மை மறுபுறம் ஊறும். பசையும் ஒட்டுநாடாவும் ஆகா. ஈரமும் வெயிலும் படாத அலுமாரியிற் கடிதவுறையுள் வைத்தல் வேண்டும். மின்படி எடுத்து, குறைந்தது ஈரிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. ஓரிடத்தில் உள்ளது ஒருநாளில் அழியலாம் என்பதை நாம் கண்டறிந்துள்ளோம். முதியோர் உயிரோடிருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதுவோமாக.

இத்தொண்டிற்குத் துணையும் இன்று உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வருகின்றது. வன்னி மண்ணிலும் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தெழுந்தது. அதன் நூலகத்தில் வன்னியின் படங்களுக்கென ஒரு பகுதி அமையுமாயின், ஆனந்தர் நாடிய இல்லம் காலந் தாழ்த்தேனும் நம்மிடையே எழுந்ததாகும். பல்கலைக்கழகம் தரவேண்டியது இடமும் காவலும்; படங்களையும் பெயர்களையும் தரவேண்டியவர் நாமே. பழைய மாணவர் தத்தம் பெட்டிகளைத் திறப்பாராக. இளமாணவர் பதிவேட்டை ஏந்தி முதியோரிடஞ் செல்வாராக. ஆசிரியராகிய நாமும் உடன் நிற்போம். கலாயோகியின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க வழிபாடு இதுவே. வாழ்க அவர் நாமம்!