மார்கரெட் ஸ்டைஃப்: தைத்துப் பார்த்து முடிவெடுத்தவர்

தையல் வகுப்பில் குண்டூசி செருகிவைக்கும் சிறு தலையணை தைத்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அப்படியொரு தலையணையிலிருந்துதான் உலகறிந்த ஒரு பொம்மைத் தொழிற்சாலை தோன்றியது.

தென் ஜேர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் 1847 யூலை 24 ஆம் திகதி மார்கரெட் பிறந்தார். ஒன்றரை வயதில் போலியோ தாக்கியது. இரு கால்களும் செயலிழந்தன, வலக்கையும் பலவீனமானது. பெற்றோர் செய்வித்த சிகிச்சைகள் பலன் தரவில்லை. கைவண்டியில் வைத்து இழுத்துச் செல்லப்பட்டே பள்ளிக்கூடம் போய்வந்தார்.

17 வயதளவில், குணமடையும் வழியைத் தேடி அலைவதை நிறுத்திக்கொண்டார். இருக்கும் உடலோடு எதைச் செய்யலாம் என்று பார்க்கத் தொடங்கினார். அவர் எடுத்த முடிவுகளில் இதுவே தலையாயது என்பது வைத்தியராகிய என் எண்ணம். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுழற்ற முடியாதபோது, இயந்திரத்தையே மறுபக்கம் திருப்பிவைத்து இடக்கையால் சுழற்றினார்.

சகோதரிகளுடன் தையல் செய்து சம்பாதித்த பின்னர், 1877 இல் ஃபெல்ட் எனப்படும் கம்பளித் துணியில் ஆடைகள் தைத்து விற்கும் கடையைத் தொடங்கினார். 1880 இல், ஒரு சஞ்சிகையில் வந்த மாதிரியைப் பார்த்து யானை வடிவில் குண்டூசித் தலையணைகள் தைத்தார். அவற்றைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். அதைக் கவனித்த மார்கரெட் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். முதலாண்டில் விற்றவை எட்டு யானைகள். 1886 இல் 5,000 இற்கு மேல். புதிய பொம்மை ஒவ்வொன்றையும் முதலில் தாமே தைத்துப் பார்த்த பின்னரே விற்பனைக்கு விட்டார்.

1902 இல் தம்பி மகன் ரிச்சர்ட், கைகால் அசையும் கரடிப் பொம்மையொன்றை வடிவமைத்தார். அது விலைபோகுமா என்று மார்கரெட் ஐயுற்றார். ஆயினும் தடுக்கவில்லை, கண்காட்சிக்கு அனுப்பிப் பார்க்கச் சம்மதித்தார். 1903 இல் லைப்சிக் நகரக் கண்காட்சியில் அமெரிக்க வியாபாரி ஒருவர் 3,000 கரடிகள் கேட்டார். 1907 இல் மட்டும் ஏறத்தாழ 974,000 கரடிகள் தயாராகின. இன்று டெடி கரடி என்று நாம் அழைப்பதன் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கியதால், 1904 முதல் பொம்மையின் காதில் ஓர் உலோகப் பொத்தான் அடையாளமாகப் பொருத்தப்பட்டது.

1909 மே 9 ஆம் திகதி, நியூமோனியாவால் தமது 61 ஆவது வயதில் மார்கரெட் காலமானார். திருமணம் செய்யாத அவரது நிறுவனத்தைத் தம்பியின் பிள்ளைகள் தொடர்ந்தார்கள்.

இலங்கையில் 1993 இற்குப் பின் போலியோ நோயாளர் எவரும் இல்லை. ஆனால் நடக்க முடியாத மகளை இனி யார் பார்ப்பது என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. பெண் தொழில் தொடங்க யோசித்தால் பயம் என்றும், துணிந்தால் அகங்காரம் என்றும் சொல்லும் வழக்கமும் போகவில்லை. மார்கரெட் யோசித்தார், சிறிதாகச் செய்து பார்த்தார், தமது ஐயம் பிழையாகவும் இருக்கலாம் என்பதற்கும் இடம்விட்டார். தையல் கடையோ உணவுக் கடையோ தொடங்க எண்ணி, கணக்குக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் நம் பழைய மாணவி எவருக்கும் அவ்வளவு போதும்.