சினிமா ராணி டி. பி. ராஜலக்ஷ்மி

தேசத்தின் விடுதலைக்காகச் சிறை புகுந்தவர்களின் பெயர்களை நாம் மறவாமல் போற்றுகிறோம், போற்றுவது கடமையுமாகும். ஆனால், பாட்டாலும் நடிப்பாலும் ஜனங்களின் நெஞ்சில் சுதந்திர வேட்கையை விதைத்தவர்களும் உண்டு. அவர்களில் நாடக மேடையிலும் வெள்ளித் திரையிலும் நின்று பாடிய ஸ்திரீகளை நம் சரித்திரக்காரர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகியான ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மியின் வாழ்க்கை இக்குறையை நமக்கு நன்கு உணர்த்தும்.

காவேரிக் கரையில் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதி விளங்கும் திருவையாற்றில் 1911-ல் அவர் பிறந்தார். ஓர் அந்தணக் குடும்பத்தின் வழக்கப்படி, விளையாட வேண்டிய பருவத்திலேயே அவருக்கு விவாகம் நடந்தேறியது. பெண்ணுக்குப் பதினான்கு வயது நிரம்புமுன் மணம் செய்விப்பது குற்றம் என்று விதித்த சாரதா சட்டம் 1929-ல் தான் நிறைவேறிற்று. அதற்கு எவ்வளவோ முன்னரே இவர் மணமகளாகிவிட்டார். அந்தப் பந்தம் நிலைக்கவில்லை. தகப்பனாரும் காலமானார். கணவன் வீட்டையும் தந்தையின் துணையையும் இழந்த சிறுமிக்கு அக்காலத்துச் சமூகம் அளித்த இடம் அடுப்பங்கரையின் மூலை ஒன்றே. அம்மூலையில் ஒடுங்கியிருக்க ராஜலக்ஷ்மி சம்மதிக்கவில்லை. தாயாருடன் திருச்சிராப்பள்ளி சேர்ந்து, நாடகத் தமிழுக்குத் தந்தையெனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவைப் பெற்று, சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் நடிகையானார்.

இதன் துணிவை இன்று எடை போடுவது எளிதன்று. பெண் வேஷத்தையும் ஆடவரே பூண்டு நடித்த கம்பெனிகள் மலிந்திருந்த காலம் அது. மேடையேறும் பெண்ணைக் கைதட்டி ரஸித்த அதே ஜனங்கள், மறுநாள் அவளைத் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவும் அழைக்கமாட்டார்கள். உயர்குலம் என்று சொல்லப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவருக்கோ நிந்தனை இருமடங்கு. அவர் அவற்றைப் பொருட்படுத்தாமல், எஸ். ஜி. கிட்டப்பா போன்ற பெரும் பாடகர்களுடன் நடித்துக் கீர்த்தி பெற்றார். சில ஊமைப் படங்களிலும் தோன்றினார்.

1931 மார்ச்சில் பம்பாயில் இம்பீரியல் கம்பெனியார் ஆலம் ஆரா என்னும் முதல் ஹிந்தி டாக்கியை வெளியிட்டனர். அதே கம்பெனியார், எச். எம். ரெட்டியின் டைரக்ஷனில், காளிதாஸ் என்ற படத்தைத் தயாரித்தபோது ராஜலக்ஷ்மியே கதாநாயகியானார். அவர் தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் விடையளிப்பார். இப்படி விந்தையாக அமைந்த அப்படம், 1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. அன்றே தமிழ் மொழி முதன்முதலாகத் திரையில் ஒலித்தது.

மகாகவியின் கதைக்கும் காந்தியடிகளின் கைராட்டைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எனினும், மதுரகவி பாஸ்கரதாஸின் ராட்டைப் பாட்டு அப்படத்தில் இடம் பெற்றது. கதைப் பொருத்தம் இல்லையென்று கலைவாணர் குறை கூறலாம். காலத்தை நோக்குவோருக்குக் காரணம் விளங்கும். உப்புச் சத்தியாக்கிரகம் தேசத்தை உலுக்கி ஓராண்டே கழிந்திருந்தது. பொதுக்கூட்டங்களுக்குத் தடை, பத்திரிகைகளுக்கு ஜாமீன், நாடகங்களை அடக்க 1876-ம் வருஷத்துச் சட்டம், படங்களை வெட்டத் தணிக்கை போர்டு. இவ்வளவு கட்டுக்காவலுக்கும் இடையே, எழுத்தறியாத பாமர மக்கள் காலணா அரையணாவாகச் சேர்த்துவைத்த காசைக் கொடுத்து நுழைந்த கொட்டகையில், தேசத்தின் குரல் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எழுந்தது. நூறு பிரசங்கங்கள் செய்யாததை ஒரு பாட்டு செய்யவல்லது என்பதைத் தொண்டர்கள் தம் அனுபவத்தில் அறிவார்கள்.

1933-ல் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்ஸென்ட் கல்கத்தாவில் தயாரிப்பித்த வள்ளி திருமணம் பெருவெற்றி கண்டது. அதில் வள்ளியாக நடித்தவரும் இவரே. உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்தார். சினிமா ராணி என்ற பட்டம் அவரை வந்தடைந்தது. அப்பட்டத்தோடு அவர் திருப்தியடைந்திருந்தால் நாம் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. தாமே எழுதிய நாவல் ஒன்றைத் தழுவி, சொந்தத்தில் கம்பெனி நிறுவி, மிஸ் கமலா என்ற படத்தை 1936-ல் தாமே டைரக்ட் செய்து வெளியிட்டார். வடக்கே பாத்திமா பேகம் 1926-லேயே படம் இயக்கியதுண்டு. தென்னாட்டில் இத்துறையில் காலடி வைத்த முதற் பெண்மணி ராஜலக்ஷ்மியே. பிறர் எழுதியதைப் பேசுவதே நடிகையின் தொழில் என்றிருந்த நாளில், என்ன பேசுவது என்பதைத் தாமே தீர்மானித்தார். அரசியலில் நாம் சுயராஜ்யம் என்று சொல்வது இதைத்தானே!

பின்வந்த வருஷங்களில் புதிய முகங்கள் தோன்றின. அவர் மெள்ள மெள்ள மறக்கப்பட்டார். 1964-ல் காலமானார். காளிதாஸ் படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைப்பதில்லை. மிஸ் கமலாவின் கதியும் அதுவே. தமிழ் பேசிய முதல் திரைக்குரலை நம் சந்ததியார் கேட்கவே முடியாது. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றுவது, அழியக்கூடியது என்பது வாஸ்தவம். ஆனால், காப்பாற்ற வேண்டுமென்ற எண்ணம் நமக்குத் தோன்றாததற்குப் பிலிமைக் குறை கூறுவதால் பயனில்லை.

இழந்த படத்தை மீட்க நம்மால் இயலாது. எஞ்சியுள்ள பாட்டுப் புஸ்தகங்களையும், விளம்பரத் தாள்களையும், பழைய இசைத்தட்டுக்களையும் தேடித் தொகுப்பது நம்மால் ஆகும். விடுதலைப் போரின் வரலாற்றை எழுத முற்படுவோர், மேடைக்கும் திரைக்கும் அதில் உரிய அத்தியாயத்தை ஒதுக்குவார்களாக. அவ்வத்தியாயத்தின் முதற் பக்கத்தில், வாழ்வு முடிந்துவிட்டதென்று ஊரார் தீர்ப்பளித்த திருவையாற்றுச் சிறுமியின் பெயர் இருக்கட்டும்.