சுறாவின் பல் சொன்ன உண்மை

1666ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் மிகப் பெரிய வெள்ளைச் சுறா ஒன்றைப் பிடித்தனர். அதைக் கரைக்கு இழுத்து, மரத்தில் கட்டி, அடித்துக் கொன்றனர். செய்தியை அறிந்த தஸ்கனி நாட்டின் ஆட்சியாளர் இரண்டாம் பெர்டினாண்டோ, சுறாவின் தலையை ஃப்ளோரன்ஸ் நகருக்கு அனுப்பும்படி கட்டளையிட்டார். அதை அறுத்து ஆராயும் பொறுப்பு நிக்கோலஸ் ஸ்டெனோ என்னும் 28 வயது மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஸ்டெனோ 1638ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் நீண்ட காலம் நோயால் வாடினார். சிறு வயதிலேயே தந்தையையும் இழந்தார். எனினும் மனம் தளராமல் மருத்துவம் பயின்றார். 1660ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, கன்னத்திலிருந்து வாய்க்கு உமிழ்நீரைக் கொண்டு செல்லும் குழாயைக் கண்டறிந்தார். இதயம் ஒரு தசையே என்பதையும் எடுத்துக்காட்டினார். நூல்களில் உள்ளதை அப்படியே நம்பிவிடாமல், தம் கண்ணால் கண்டு சோதிப்பதே அவருடைய வழக்கமாக இருந்தது.

சுறாவின் வாயைத் திறந்து பார்த்தபோது, முக்கோண வடிவில் அமைந்த கூரிய பற்கள் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றின் ஓரங்கள் இரம்பத்தைப் போலக் காணப்பட்டன. மனிதரையும் கொல்லக்கூடிய அந்தப் பற்களைப் பிறர் அச்சத்தோடு பார்த்திருப்பர். ஸ்டெனோவின் மனத்திலோ ஒரு கேள்வி எழுந்தது. மால்டா தீவின் பாறைகளில் கிடைத்த நாக்குக் கற்களும் இதே வடிவத்தில் அல்லவா இருந்தன?

நாக்குக் கற்கள் வானத்திலிருந்து விழுந்தவை என்று சிலர் நம்பினர். பாம்பின் நாக்குகள் கல்லாக மாறியவை என்று வேறு சிலர் கருதினர். நஞ்சை முறிக்கும் என்று எண்ணி அவற்றைக் கழுத்தில் அணிந்தவர்களும் இருந்தனர். அவை சுறாவின் பற்களே என்று ஓரிருவர் முன்னரே கூறியிருந்தும், அக்கருத்து பரவலாக ஏற்கப்படவில்லை. கடல்மீனின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் புகுந்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை தேவைப்பட்டது.

ஸ்டெனோ பொறுமையாகச் சிந்தித்தார். அந்தக் கற்கள் பாறைக்குள்ளேயே வளர்ந்திருந்தால், அவற்றின் வடிவம் நெளிந்திருக்கும். சுற்றியுள்ள பாறையிலும் விரிசல் விழுந்திருக்கும். ஆனால், அவை உண்மையான பற்களின் வடிவத்திலேயே இருந்தன. எனவே, அந்த நிலம் ஒரு காலத்தில் நீருக்கு அடியில் இருந்திருக்க வேண்டும் என்றும், சேற்றில் புதைந்த பற்களைச் சுற்றிலும் சேறு இறுகிப் பாறையாகியது என்றும் அவர் விளக்கினார். இந்த ஆய்வு 1667ஆம் ஆண்டு வெளிவந்தது.

1669ஆம் ஆண்டில் அவர் மற்றொரு நூலையும் வெளியிட்டார். பாறை அடுக்குகளுள் கீழே இருப்பது முதலில் உருவானது, மேலே இருப்பது பின்னர் உருவானது என்பதை அதில் விளக்கினார். பூமியின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் இந்த விதியைப் பயன்படுத்துகின்றனர். பிற்காலத்தில் ஸ்டெனோ ஆய்வை விட்டுச் சமயப் பணியில் ஈடுபட்டார். எளிய வாழ்க்கை வாழ்ந்து, 1686ஆம் ஆண்டு தமது 48ஆம் வயதில் மறைந்தார்.

வெள்ளைச் சுறா இன்றும் மனிதரை அஞ்ச வைக்கிறது. அது சில வேளைகளில் மனிதரைத் தாக்குவது உண்மைதான். ஆயினும், மனிதர் அதன் வழக்கமான இரை அல்லர். மாறாக, மனிதரின் மீன்பிடிப்பால் அந்த இனமே இன்று ஆபத்தை எதிர்நோக்குகிறது. கண்டதும் அஞ்சி விலகாமல், நெருங்கி ஆராய்ந்து பார்த்தவர் ஸ்டெனோ. அதனால்தான் ஒரு சுறாவின் பல்லிலிருந்து பூமியின் பழங்கதையை அவரால் அறிய முடிந்தது.